பிள்ளை பேசும்போது சிரித்துவிடலாமா?

காங்கேயம் தோட்டத்து மருமகள்

வணக்கமுங்க. நான்கு வயதுப் பிள்ளை ஒன்றை உயிரைக் கொடுத்துச் சொல்லும்போது பெரியவர்கள் சிரிக்கலாமா, கூடாதா? எங்கள் வீட்டில் கொஞ்ச நாளாக இதே வழக்குதான் ஓடிக்கொண்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும் என்று இங்கே வந்திருக்கிறேன்.

மார்கழியில் எங்கள் பசு ஒரு கிடாரிக் கன்று போட்டது. காங்கேயம் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஆறு மாத வாக்கில் சிவப்பு வெளுத்து மயிலையாகிவிடும். என் மகள் அதற்குச் செம்பி என்று பெயர் வைத்து, நாள் முழுதும் கட்டுத்தரையிலேயே கிடந்தாள். பிறகு கோடை விடுமுறைக்கு வெள்ளகோவிலில் இருக்கும் அம்மிச்சி (என் அம்மா) வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் செம்பி சாம்பல் நிறத்தில் நிற்கிறது.

"இது என் செம்பி இல்லை. யாரோ மாற்றிவிட்டார்கள்" என்று ஒரே அழுகை. மாமனார் சிரித்தார், கொழுந்தனார் சிரித்தார், களையெடுக்க வந்திருந்த ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு, "அப்பா, போலீஸுக்குப் போன் செய்யுங்க" என்றாள். மறுபடியும் சிரிப்பு. அதற்குப் பிறகு யாரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. தாராபுரம் ரோட்டில் மாடு ஏற்றிய வண்டி போனால் மட்டும் ஓடிப்போய் எட்டிப் பார்க்கிறாள்.

இதற்கு நடுவில் அந்த 'வேற்று'க் கன்றுக்குத் தவறாமல் தண்ணீர் காட்டுகிறாள். ஏன் கண்ணு என்று கேட்டேன். "பாவம், இதன் அம்மாவும் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பாள்" என்கிறாள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, நெஞ்சும் அடைக்கிறது. இவளுக்கு எப்படிப் புரிய வைப்பது? உங்கள் பிள்ளைகள் சொன்னதையும் எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.


கோபி அப்புச்சி

அம்மணி, உங்கள் மாமனார் பக்கம்தான் நான். சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் சிரிக்காமல் வேறு எங்கே சிரிப்பது? எங்கள் காலத்தில் பிள்ளை பேசினால் "வாயை மூடு" என்பார்கள். இன்றைக்குப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கிறார்களே, அதுவே பிள்ளைக்குத் தெம்பு.

எங்கள் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை பழனிக்குப் போய் மொட்டை போட்டு, மீசையையும் எடுத்துவிட்டு வந்தார். பேரனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து கொஞ்சம் இருக்கும். வாசலில் நின்றவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உட்காருங்க, அப்பா வருவார்" என்றான். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, பாதி வழியிலேயே சிந்தி, மீதியைக் கொடுத்தான். உறம்பறை (விருந்தாளி) வந்தால் எப்படி உபசரிக்க வேண்டும் என்று அவன் ஆத்தா சொல்லிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையும் வாங்கிக் குடித்துவிட்டு மரியாதையாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது, பேரனும் சேர்ந்து சிரித்தான். ராத்திரி படுக்கும்போது குரலைக் கேட்டுத்தான் அப்பாவின் மடியில் ஏறினான்.

இந்தச் சிரிப்பில் பிள்ளைக்கு என்ன குறைந்துவிட்டது, சொல்லுங்கள்.


பெருந்துறை பால்வாடி டீச்சர்

ஐயா, உங்கள் வீட்டில் நடந்ததில் ஒரு குறையும் இல்லை. உங்கள் பேரனும் சிரித்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். காங்கேயத்துத் தங்கம் சிரிக்கவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு அங்கேதான் கவலை. கேட்டதற்குச் சிரிப்பே பதிலாகக் கிடைக்கும் பிள்ளை, கொஞ்ச நாளில் கேட்பதையே விட்டுவிடும். ஆண்டுக்கு ஆண்டு புதிதாக வரும் பிள்ளைகளிடம் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு கதைகளும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. தோற்றம் மாறினால் ஆளே மாறிவிடுவதாகச் சின்னப் பிள்ளைகள் நினைப்பது இயல்பு. ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1969-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். மேனார்டு என்ற சாதுவான பூனையை, மூன்றிலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளிடம் காட்டினார். பிறகு அதன் முன்பக்கத்தை மறைத்து, நாய் முகமூடி மாட்டி, மறுபடியும் காட்டினார். முகமூடி மாட்டும் நேரம் முழுக்க வால் பக்கம் பிள்ளைகளின் கண்ணெதிரேதான் இருந்தது. அப்படியும் மூன்று வயதுப் பிள்ளைகள் பலர் அது நாயாகிவிட்டது என்றே நம்பினார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ஏமாறவில்லை. ஆகவே உங்கள் மகள் தன் வயதுக்கு உரியபடிதான் யோசிக்கிறாள். போலீஸைக் கூப்பிடச் சொன்னதும் அறிவுள்ள பேச்சுதான். கன்று களவு போயிருந்தால் வேறு யாரைக் கூப்பிடுவது?

என் மையத்தில் நடந்ததையும் சொல்கிறேன். முட்டை போடும் நாளில் ஒரு பையன் எல்லோருக்கும் முன்னால் தட்டைக் காலி செய்துவிடுவான். ஒரு நாள் தூங்க வைக்கும்போது அவன் டவுசர் பையிலிருந்து ஒரே வாடை. கையை விட்டால் நசுங்கிய முட்டை, மஞ்சள் கரு துணியோடு ஒட்டிப்போயிருந்தது. ஆயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அவரைக் கண்ணாலேயே நிறுத்தினேன். ஏனென்றால் அவன் பையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பாப்பாவுக்கு" என்றான். வீட்டில் இருக்கும் தங்கைக்கு அப்போது பல்கூட முளைக்கவில்லை.

டவுசரைக் கழற்றி அலசிப் போட்டேன். பாப்பாவுக்கு இப்போது பால் போதும், பல் முளைத்து இங்கே வரும்போது அவளுக்கென்று ஒரு முட்டை இங்கேயே இருக்கும் என்று சொன்னேன். "பேர் எழுதி வையுங்க டீச்சர்" என்றான். எழுதி வைத்தேன், அவன் பார்க்க, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்.

இப்போது அவன் ஒன்றாம் வகுப்பு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2023 ஆகஸ்டிலிருந்து காலை உணவும் கொடுக்கிறார்கள். பொங்கலையோ கிச்சடியையோ சாப்பிட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் என் மையத்து ஜன்னலுக்கு ஓடி வருகிறான். தங்கை உள்ளே இருக்கிறாள். "முட்டை இன்றைக்கா, நாளைக்கா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான். அன்றைக்கு நான் சிரித்திருந்தால் அந்த ஜன்னலுக்கு அவன் வந்திருப்பானா என்று தெரியவில்லை.


தாராபுரம் அத்தை

டீச்சரம்மா, இதைப் படித்துவிட்டு அடுப்பை மறந்துவிட்டேன். பேர் எழுதி வைத்தீர்களே, நன்றாக இருங்கள்.


சோமனூர் தறிக்காரர்

எங்கள் வீடும் தறிக்கூடமும் ஒரே கூரைக்குக் கீழே. பையன் வயிற்றில் இருந்த நாளிலிருந்தே தறிச் சத்தம் கேட்டவன். சேலைத் தொட்டிலில் தூங்கும்போது பக்கத்தில் போசி விழுந்து உருண்டாலும் அசைய மாட்டான். தறி நின்றால் அந்த நொடியே எழுந்துவிடுவான். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் ஊரே அமைதியாகக் கண்ணயரும். எங்கள் வீட்டில் மட்டும் கச்சேரி.

அந்த நாளில் என் அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே "டடக் டடக் டடக்" என்பார். அப்பா கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார். என் மனைவி முறத்தில் தட்டுவார். மூன்று பேரும் ஒரே தாளத்தில் போனால்தான் தூங்குவான், யாராவது பிசகினால் அழுகை. அன்னூரில் அவன் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துக்குப் போனபோது இன்னும் சிரமம். ராத்திரியில் தவளைச் சத்தம் தவிர ஒன்றும் கிடையாது. பிள்ளை கண்ணை மூடவே இல்லை. நான் இங்கிருந்து தறிச் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்பினேன். அப்புச்சி அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "மாப்பிள்ளை, இங்கே நான்தான் இனித் தூங்க வேண்டும்" என்று போன் செய்தார்.

இப்போது பேச ஆரம்பித்துவிட்டான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் வாயில் சோற்றோடு நிமிர்ந்து, "அப்பா, நூல் அறுந்தது" என்றான். பல தறி ஓடும் இரைச்சலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போய்ப் பார்த்தால் கடைசித் தறி ஊடை நூல் அறுந்து நின்றுகொண்டிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் சிரிக்கவில்லை. தறி ஓட்டும் அண்ணன் அவனைத் தூக்கி, "வாங்க மேஸ்திரி" என்று தோளில் வைத்துக்கொண்டார்.


சூலூர் செவிலியர்

தறிக்காரத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கதை இனிக்கிறது, ஆனால் தறிக்கூடத்துக்குள் சத்தம் சாதாரணமாகவே 90 டெசிபெலைத் தாண்டும். நாள் கணக்கில் கேட்டால் பெரியவர்களின் காதே மங்கிப்போகும், பச்சைப் பிள்ளையின் காதைச் சொல்லவே வேண்டாம். தொட்டிலைத் தறிக்கூடத்துச் சுவரை விட்டு எவ்வளவு தள்ளிக் கட்ட முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுங்கள், நடுவில் கதவைச் சாத்துங்கள். போனில் போட்டாலும் தொட்டிலுக்குள் வைக்காமல், எட்டத்தில், ஒலியைக் குறைத்து வையுங்கள். பிள்ளைக்குக் காது கூர்மை என்று தெரிகிறது. அதைக் காப்பாற்றிக் கொடுங்கள்.


சோமனூர் தறிக்காரர்

சரிங்க அக்கா. முன் அறைக்கு மாற்றிவிடுகிறோம்.


மேட்டுப்பாளையம் அப்பா

டீச்சர் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிரிப்பதைவிட, பிள்ளை மாதிரியே பேசிக் காட்டுவது மோசம்.

எங்கள் வீட்டுப் பக்கம்தான் ஊட்டி ரயில் போகிறது. என் மகனுக்கு 'ர' வராது. "லயில்" என்பான். அவன் மாமன் வரும்போதெல்லாம் "என்ன மாப்பிள்ளை, லயில் வந்துவிட்டதா?" என்று கேட்பார். பையனுக்கு மூக்கு சிவந்துவிடும். "லயில் இல்லை மாமா, லயில்!" என்று கத்துவான். மாமன், "அதைத்தானே நானும் சொல்கிறேன், லயில்" என்பார். அவன், "இல்லை! லயில்!" என்பான். இரண்டு பேருக்கும் சண்டை முற்றி, பையன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

இதில் மாமனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பையன் காதில் சரியான சொல்தான் விழுகிறது. அவன் நாக்குதான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. பெரியவர் தப்பாகச் சொன்னால் அவனுக்கு அந்தத் தப்பு பளிச்சென்று தெரிகிறது. ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இருவர் ஆங்கிலம் பேசும் ஒரு குழந்தையிடம் இதே கூத்தைக் கண்டு 1960-இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு மீன் பொம்மையின் பேரில் தகராறு, எங்கள் வீட்டில் ரயிலில். மாமனிடம் இதைச் சொன்ன பிறகு, அவர் சரியாக "ரயில்" என்றார். பையன் பெருமூச்சு விட்டு, "ஆமாம், லயில்" என்றான். அன்றைக்கு இருவரும் ராசியாகிவிட்டார்கள்.

போன மாதம் அவனை அந்த ரயிலில் கூட்டிப் போனேன். 1899-இலேயே குன்னூர் வரை ஓட ஆரம்பித்த பாதை, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தேன், அவன் காதில் எதுவும் ஏறவில்லை. கல்லாறு தாண்டினால் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் வரும், இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துத்தான் மலை ஏறும் என்றதும் திரும்பினான். "பல் விழுந்தால் என்ன செய்யும்?" என்று கேட்டான். அவன் அண்ணனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருக்கிறது. எதிரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான், ஒரு பல்லோடு நிற்காமல் நிறையப் பற்கள் மாறி மாறிப் பிடிக்கும், தேய்ந்தால் பணிமனையில் மாற்றுவார்கள் என்றேன். அதைக் கேட்டபின்தான் ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்தான். மலையேறும் வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எவ்வளவு பெரிய கேள்வி!


திருப்பூர் அம்மா

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயது. சாயங்காலம் வீட்டில் அவளும் 'கம்பெனி' நடத்துகிறாள். அவள் அப்பாரு (என் மாமனார்) போட்டிருக்கும் பனியனைப் பிடித்து, அடிமடிப்பைத் திருப்பி, தோள் தையலை இழுத்துப் பார்த்து, "பிசிறு வெட்டவில்லை" என்பாள். ஓட்டை இருந்தால் "டேமேஜ், தனியாக வையுங்க." அவரும் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு உட்கார்ந்திருப்பார். அவிநாசியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரின் சட்டை ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, "தையல் விட்டிருக்கிறது, இது போகாதுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே, "எடுத்துக் கொடு கண்ணு, திருப்பி அனுப்பிவிடலாம்" என்றார்.

எனக்கு ஏனோ அன்றைக்குக் கண் நிறைந்துவிட்டது. நாளெல்லாம் நின்று நான் பார்க்கிற வேலையை இவள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்து வைத்திருக்கிறாள்! ஒவ்வொரு தையலிலும் விரல் ஒரு நொடி நின்று போகும். அது என் கை.

இந்த இழையில் யாரும் வீடியோவைப் பற்றிப் பேசவில்லை. இப்போது வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது. பிள்ளை அழுதால்கூடத் தூக்குவதற்கு முன்னால் போனை எடுக்கிறார்கள். அவள் 'செக்கிங்' செய்வதை உறவுக்காரர் ஒருவர் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். அடுத்த நாள் கடைக்காரர் அவளிடம் "என் சட்டையைப் பார் பாப்பா" என்றார். அவள் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "நம்முடைய கம்பெனி அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். அவளிடம் காட்டி, அவள் சரி என்றால்தான் யாருக்கும் அனுப்பலாம். பாதிக்கு மேல் வேண்டாம் என்கிறாள். அனுப்புவதில்லை. முகம் தெரியாதவர்கள் பார்த்துச் சிரிப்பதற்குப் பிள்ளையின் அழுகையைக் கொடுப்பது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.


கோபி அப்புச்சி

திருப்பூர் அம்மணி சொன்னது நூற்றுக்கு நூறு. கூட இருந்து சிரிப்பது வேறு, காட்டிச் சிரிப்பது வேறு. டீச்சரம்மா சொன்னதையும் யோசித்தேன். பிள்ளை சேர்ந்து சிரிக்கிறதா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று படுகிறது.

காங்கேயத்து அம்மணிக்கு மாட்டுக்காரனாக ஒரு யோசனை. நிறம் மாறும், உடம்பில் இருக்கும் மயிர்ச் சுழி மாறாது. பிறந்தபோது எங்கே சுழி இருந்ததோ கிழமாகிச் சாகும் வரை அங்கேயே இருக்கும். மாடு வாங்கப் போகிறவன் முதலில் சுழியைத்தான் பார்ப்பான். கன்றின் பழைய படம் இருந்தால் எடுத்து, பிள்ளை கையில் கொடுத்துக் கட்டுத்தரைக்குக் கூட்டிப் போங்கள். நீங்களாகச் சொல்லாதீர்கள். அவளே தேடட்டும்.


காங்கேயம் தோட்டத்து மருமகள்

ஐயா சொன்னபடியே பொங்கலுக்கு எடுத்த படத்தைக் காட்டினேன். நெற்றிச் சுழியைப் பார்த்தாள். இடது காது நுனியில் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) கிளுவை முள்வேலி கிழித்த தழும்பையும் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. அப்படியும் அவளுக்குத் திருப்தி இல்லை. "செம்பியாக இருந்தால் என் பாவாடையைத் தின்னும்" என்றாள்.

உள்ளே போய்ப் பழைய பச்சைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து, கன்றுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு நின்றாள். நாங்களும் மூச்சுக் காட்டாமல் நின்றோம். மாமனார் துண்டால் வாயை மூடிக்கொண்டிருந்தார். கன்று முகர்ந்தது, நக்கியது, பிறகு பாவாடை ஓரத்தைக் கவ்வி நன்றாக மெல்ல ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "வந்துவிட்டீர்களா செம்பி" என்றாள். பிறகுதான் சிரித்தாள். அப்புறம் எங்களுக்கு என்ன தடை, எல்லோரும் சிரித்தோம்.

ராத்திரி படுக்கையில் அடுத்தது வந்தது. "நான் பெரியவள் ஆனால் என்ன நிறம் ஆவேன்? அப்போது என்னைக் கண்டுபிடித்துவிடுவாயா?" அவள் காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் இருக்கிறது. அதை அவள் விரலால் தொடவைத்து, இது எங்கேயும் போகாது என்றேன். மறுநாள் அவள் அப்பா வேலையிலிருந்து வந்ததும், முடியை ஒதுக்கிக் காதை நீட்டி, "இருக்கிறதா பாருங்க" என்றாள். அவரும் பேனாவை வைத்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இருக்கிறது சாமி என்றார்.


கோபி அப்புச்சி

அம்மணி, வயிறு நிறைந்தது.

நாளை பேரன் வருகிறான். சந்தகை (இடியாப்பம் மாதிரி) பிழியப் போகிறோம், வட்டில் ஏந்துவது அவன் பொறுப்பு. போன தடவை கீழே சிந்தியதையெல்லாம் பொறுக்கி எறும்புக்கென்று திண்ணை ஓரத்தில் வைத்தான். வைத்துவிட்டு, "அப்புச்சி, எறும்புக்கும் தேங்காய்ப்பால் ஊற்றலாமா?" என்று கேட்டான். அப்போதைக்குச் சிரித்துச் சமாளித்துவிட்டேன். நாளைக்கும் கேட்பான். டீச்சரம்மா, என்ன சொல்லட்டும்?


பெருந்துறை பால்வாடி டீச்சர்

ஊற்றலாம் ஐயா. கரண்டியால் வேண்டாம், விரல் நுனியில் தொட்டு ஒரு சொட்டு வைக்கச் சொல்லுங்கள். அதிகமானால் எறும்பு மூழ்கிவிடும். வெல்லம் போட்டதற்கு வருகிறதா, போடாததற்கு வருகிறதா என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கும் தெரிய வேண்டும்.